'பாஸ்' ஆன குழந்தைக்கு ஏன் காது கேட்கவில்லை?

பிறந்த குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனையைச் செருகி, சில நிமிடங்களில் முடித்துவிடுகிற சோதனை ஒன்று உண்டு. ஓ.ஏ.இ. என்போம். கருவியின் திரையில் 'பாஸ்' என்று வரும், அல்லது மேலும் சோதிக்க வேண்டும் என்பதற்கு 'ரெஃபர்' என்று வரும். 'பாஸ்' வந்த குழந்தையின் தாயிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தென்மாவட்டம் ஒன்றில் நான் ஆடியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சு வராத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் எங்களுக்குப் புதிதல்ல. எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். ஆனாலும் அந்தக் குழந்தைகள் இழந்துவிட்டு வருகிற காலம் திரும்பக் கிடைக்காது. ஓ.ஏ.இ. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'காது கேட்கிறது' என்று எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. ஒலி காதில் நுழைந்து, நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற பெரா சோதனையும் தமிழ்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நடக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு புரதம் காரணம். பெயர் ஒட்டோஃபெர்லின். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். பையனுக்கு இரண்டரை வயது. சுகப்பிரசவம், நல்ல எடை, பிறந்ததும் அழுதிருக்கிறான், மஞ்சள் காமாலை இல்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓ.ஏ.இ. இரண்டு காதிலும் பாஸ். ஒரு வயதுக்குப் பிறகும் கூப்பிட்டால் திரும்பவில்லை. தாய்க்கு அப்போதே சந்தேகம். "இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், சும்மா கெட" என்று பையனின் ஆச்சி அடக்கிவிட்டார். தாய் விடாமல் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்டிசமாக இருக்கலாம் என்று வேறு பக்கம் அனுப்பிவிட்டார். அங்கே ஒரு வருடம் போயிற்று.

பெரா எடுக்க வேண்டும் என்றால் குழந்தை தூங்க வேண்டும். பிறந்த சில நாளில் பால் குடித்ததும் தானாகத் தூங்கிவிடும். இரண்டரை வயதில் அப்படி நடக்காது. முதல் நாள் இரவு கண்விழிக்க வைத்து, வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டு, இங்கே வந்த பிறகு தூக்கத்துக்குச் சிரப் கொடுத்து, அது வேலை செய்யும்வரை தாய் தோளில் போட்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாய் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து அத்தனையும் செய்தார். நெற்றியில் ஒன்று, இரண்டு காதுக்குப் பின்னால் ஒவ்வொன்று என எலெக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் 'டிக் டிக்' ஒலியை விட்டோம். 90 டெசிபல் வரை ஏற்றினோம். சாலையில் லாரி ஹாரன் அடிப்பதற்கு ஒப்பான சத்தம் அது. வர வேண்டிய அலைகள் வரவில்லை. கோடு நேராகவே ஓடியது. ஆனால் தொடக்கத்தில் மட்டும் சின்ன நெளிவுகள் இருந்தன. ஒலியின் துருவத்தை மாற்றிவிட்டுப் பார்த்தால் அந்த நெளிவுகளும் தலைகீழாயின. உள்காதில் இருக்கிற செல்கள் உயிரோடு இருக்கின்றன, ஒலியைப் பெறுகின்றன, அங்கிருந்து நரம்புக்குத்தான் எதுவும் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். ஓ.ஏ.இ.யைத் திரும்ப எடுத்தேன். இரண்டு காதும் அன்றைக்கும் பாஸ்.

"அப்ப அந்தப் பேப்பர் பொய்யா மேடம்?" என்று தாய் கேட்டார். பொய் இல்லை. அந்தச் சோதனை எதைப் பார்க்குமோ அதைச் சரியாகத்தான் பார்த்திருந்தது.

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் இரண்டு வகை மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வெளி மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 12,000. உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500. வெளிச் செல்கள் ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி, வந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். அப்படிச் செய்யும்போது மிக மெல்லிய ஒலி ஒன்று காதிலிருந்து வெளியே திரும்பி வருகிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் அதைக் கண்டுபிடித்தார். ஓ.ஏ.இ. கருவி பிடிப்பது அந்தத் திரும்பி வரும் ஒலியைத்தான். உண்மையில் கேட்பதற்கு ஆதாரமானவை உள் மயிர்ச்செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் செவி நரம்பிழைகளில் மிகப் பெரும்பான்மை அவற்றோடுதான் இணைந்திருக்கின்றன. ஓ.ஏ.இ. அவற்றைத் தொடுவதே இல்லை. கோயில் கொடைக்கு மைக்செட் கட்டியவர் ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டால், குழாய்க்குப் போகிற ஒயர் அறுந்திருப்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

அந்த இணைப்பில்தான் ஒட்டோஃபெர்லின் இருக்கிறது. ஒலி வந்து உள் மயிர்ச்செல்லின் நுனியிலுள்ள நுண்மயிர்களைச் சாய்க்கும்போது செல்லின் மின்நிலை மாறும். அதனால் செல்லின் அடிப்பக்கத்தில் கால்சியத்துக்கான வாயில்கள் திறக்கும். கால்சியம் உள்ளே வரும். அங்கே குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை நிரப்பிக்கொண்டு நுண்பைகள் காத்திருக்கும். கால்சியம் வந்த கணமே அவை செல்சுவரோடு கலந்து குளூட்டமேட்டை நரம்பின் பக்கம் கொட்ட வேண்டும். 'வந்துவிட்டது, இப்போது கொட்டு' என்பதை உணர்ந்து நடத்துவது ஒட்டோஃபெர்லின். 1,997 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் சி2 என்கிற பகுதிகள் அதில் வரிசையாக அமைந்திருக்கின்றன. வால்பகுதி நுண்பையின் சவ்வில் பதிந்திருக்கும். காலியான இடத்துக்கு அடுத்த நுண்பைகளைத் தொடர்ந்து கொண்டுவருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நாம் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் கேட்பதற்கு இந்த வேலை ஓயாமல், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் நடக்க வேண்டும். ஒட்டோஃபெர்லின் இல்லையென்றால் கால்சியம் உள்ளே வரும், நுண்பைகள் நிறைந்திருக்கும், எதுவும் வெளியேறாது. நரம்பு நல்ல நிலையில் இருந்தும் அதற்குச் செய்தி வராது.

"கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகுமா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. கால்சியத்துக்கு அங்கே குறைவில்லை. அதை உணர்கிற புரதம்தான் இல்லை. அந்தக் கேள்வியோடு மருந்துக்கடைக்குப் போய்க் காசைச் செலவழிக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்தப் புரதத்தை எழுதி வைத்திருக்கும் மரபணு ஓ.டி.ஓ.எஃப். நம் 2ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 1999இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கிறிஸ்டீன் பெத்தியின் குழு அதை அடையாளம் கண்டது. அவர்களுக்கு வழிகாட்டியவை லெபனான் நாட்டுக் குடும்பங்கள். அங்கும் சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உண்டு. அந்தக் குடும்பங்களின் காது கேளாத பிள்ளைகளிடம் இந்த மரபணுவில் ஒரே பிழை இருந்தது. 2006இல் அதே பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு, ஒட்டோஃபெர்லின் இல்லாத எலிகளில் நுண்பைகள் அப்படியே இருந்தும் குளூட்டமேட் வெளியேறவில்லை என்று காட்டியது. நாங்கள் பெரா திரையில் பார்க்கிற நேர்க்கோட்டுக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

சில குடும்பங்களில் இந்தப் பிழை வேறு விதமாக வரும். புரதம் முற்றிலும் இல்லாமல் போகாது, சூட்டைத் தாங்காததாக இருக்கும். சாதாரண நாளில் குழந்தைக்குக் காது ஓரளவு நன்றாகவே கேட்கும். காய்ச்சல் வந்தால் செவிடாகிவிடும். காய்ச்சல் விட்டதும் திரும்பக் கேட்கும். 1998இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் அர்னால்ட் ஸ்டார் குழுவினர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சலோடு வரும் இந்தக் கேளாமைக்கு ஒட்டோஃபெர்லின் பிழை காரணமாவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. "காய்ச்சல் வந்தா இவளுக்குக் காது கேக்க மாட்டேங்குது" என்று ஒரு தாய் சொன்னால், குழந்தை சோர்ந்து கிடக்கும், அதுதான் என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்களை இந்தப் பத்தி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவள் தாய். அவள் கவனித்துச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

ஓ.ஏ.இ. பாஸானால் போதும் என்கிற இதே ஓட்டை மேலைநாட்டு வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளின் செவித்திறனுக்கான கூட்டுக்குழு 2007இல் சொன்னது இது: பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்குப் பெரா வகைச் சோதனை கட்டாயம். குறைமாதம், மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை போன்றவற்றால் செவி நரம்புப் பாதை பாதிக்கப்படலாம், ஓ.ஏ.இ. அதைக் காட்டாது என்பது காரணம். மிகச் சரி. ஆனால் ஒட்டோஃபெர்லின் குழந்தை நிறைமாதத்தில், நல்ல எடையில் பிறந்து, எந்தப் பிரிவிலும் சேராமல் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிற குழந்தை. பிரிட்டனிலும் ஆரோக்கியமான குழந்தைகளுக்கு முதலில் ஓ.ஏ.இ.தான். அதில் தேறிவிட்டால் பொதுவாக அதோடு முடிந்தது. அதனால் அங்கும் இந்தக் குழந்தைகள் இரண்டு, மூன்று வயதில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களுடைய நெறியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வது நமக்குப் போதாது. நம் ஊரின் நிலைமை வேறு.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நம் உறவுமுறையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதை நான் பழிக்க வரவில்லை. நானும் அப்படியொரு குடும்பத்திலிருந்து வந்தவள்தான். ஒரு பிழையான மரபணுவை ஒருவர் சுமந்துகொண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு நல்ல பிரதி இருக்கும். கணவன், மனைவி இருவரும் அதே பிழையைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பிழையான பிரதிகளும் வந்து சேரும். ஒரே தாத்தா பாட்டியின் வழிவந்தவர்கள் மணந்துகொள்ளும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. ஓ.டி.ஓ.எஃப். மட்டுமல்ல, பிறவிக் கேளாமையில் அடிக்கடி காணப்படும் ஜி.ஜே.பி.2 மரபணுவும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. எந்த நாட்டின் திட்டத்தையும் நாம் படி எடுக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை மனதில் வைத்து நம் திட்டத்தை நாமே வகுத்தாக வேண்டும்.

சங்கரன்கோவில் பையனின் பெற்றோர் தாய்மாமன், அக்கா மகள். மரபணுச் சோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய். அரசுத் திட்டத்தில் அதற்கு வழியில்லை. தந்தை கடன் வாங்கிக் கட்டினார். சில வாரம் கழித்து முடிவு வந்தது: ஓ.டி.ஓ.எஃப்., இரண்டு பிரதியிலும் பிழை. அதை அந்தக் குடும்பத்துக்கு விளக்கிய நாளை நான் மறக்கமாட்டேன். அதுவரை அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது, கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இவள் வயிற்றில் பிறந்ததால் இப்படி என்பதெல்லாம். அவளுக்கு மாமியார் அவளுடைய சொந்தப் பாட்டியேதான். பேத்தியென்றும் அவர் பார்க்கவில்லை. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி ஆகும், இரண்டுமே உங்கள் வழியாகவோ உங்கள் கணவர் வழியாகவோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் ஆச்சி, இதில் யார்மேலும் குற்றம் இல்லை என்று படம் போட்டுச் சொன்னேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். மரபணு அறிக்கை சிகிச்சைக்கு மட்டும்தான் உதவும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிகிச்சைக்கும் அது உதவியது. செவி நரம்புப் பாதையில் கோளாறு என்றால், உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பலன் தருமா என்பதில் அறுவைசிகிச்சை செய்பவர்களுக்கே தயக்கம் வரும். நரம்பே பழுதாக இருந்தால் இம்ப்ளான்ட் அனுப்பும் மின்துடிப்பை வாங்கிச் செல்ல ஆள் இருக்காது. ஒட்டோஃபெர்லின் குழந்தையின் நரம்பு நன்றாக இருக்கிறது. பழுதான இடத்தைத் தாண்டி இம்ப்ளான்ட் நேராக நரம்பைத் தூண்டும். அதனால் இந்தக் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் நல்ல பலன் தருவதாகப் பல நாட்டு அனுபவமும் சொல்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இம்ப்ளான்ட் இலவசம், அதன் பிறகான பேச்சுப் பயிற்சியும் சேர்த்து. பல லட்சம் ரூபாய் ஆகிற சிகிச்சையை ஏழைக் குழந்தைக்கும் கொண்டுசேர்த்த இந்தத் திட்டத்தை எங்கும் பெருமையோடு சொல்வேன். அந்தப் பையனுக்கும் அதில்தான் செய்தார்கள். இப்போது பேசுகிறான். ஆனால் பயிற்சிக்கு வரும்போது பார்க்கிறேன், ஒரு வயதில் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தை ஓடித் தாண்டுகிற படிகளை அவன் ஒவ்வொன்றாக ஏற வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு அந்த ஒற்றைச் சீட்டு பெரிய காரணம்.

மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் காலம் காத்திருக்காது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்று எங்கள் துறையில் சொல்வது அதனால்தான். இம்ப்ளான்ட் வேண்டாம், பிள்ளை சைகை மொழியில் வளரட்டும் என்று முடிவெடுக்கிற பெற்றோரும் உண்டு. அது அவர்கள் உரிமை. சைகை மொழி முழுமையான மொழி. அதற்கும்கூடக் குழந்தைக்குக் கேட்கவில்லை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வீட்டில் குழந்தை பேச்சும் இல்லாமல், சைகையும் இல்லாமல், எந்த மொழியும் இல்லாமல் இரண்டு மூன்று வருடம் கிடக்கிறது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது வேறொரு கதவும் திறந்திருக்கிறது. பழுதான ஓ.டி.ஓ.எஃப். இருக்கும் குழந்தையின் காதில் நல்ல பிரதியைச் செலுத்துவது. இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மரபணுவைச் சுமந்து செல்லப் பயன்படுத்தும் ஏ.ஏ.வி. என்கிற தீங்கில்லாத வைரஸ் சுமார் 4,700 எழுத்து நீளத்தைத்தான் தாங்கும். ஒட்டோஃபெர்லினை எழுத மட்டுமே ஏறக்குறைய 6,000 எழுத்து வேண்டும். அதனால் மரபணுவை இரண்டாகப் பிரித்து, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, காக்ளியாவின் வட்டச் சாளரம் வழியாகச் செலுத்துகிறார்கள். இரண்டு பாதியும் ஒரே செல்லுக்குள் போய்ச் சேர்ந்தால் முழுப் புரதம் உருவாகிறது. ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழகத்தின் கண், காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில் யிலாய் ஷூவின் குழு, ஹார்வர்டைச் சேர்ந்த ஜெங்-யி சென்னோடு சேர்ந்து, ஆறு குழந்தைகளுக்கு ஒரு காதில் இதைச் செய்தது. 2024 ஜனவரியில் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஐந்து குழந்தைகளுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. அதே ஆண்டு ஜூனில், இரண்டு காதிலும் செலுத்தப்பட்ட ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் மனோகர் பான்ஸ் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் ஒரு வயது நிறையாத குழந்தை ஒன்றுக்குச் செய்த சிகிச்சையும் பலித்தது. 2025இல் சீன, சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், 1 வயது முதல் 24 வயது வரையிலான பத்துப் பேருக்குச் சராசரி கேட்புநிலை 106 டெசிபலிலிருந்து 52 டெசிபலுக்கு இறங்கியிருந்தது. லாரி ஹாரனே கேட்காதவருக்கு வீட்டுப் பேச்சு கேட்கிற நெருக்கத்துக்கு வந்திருக்கிறது.

பிலடெல்ஃபியாவில் குழந்தைகள் மருத்துவமனையில் 2023இல் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் இதே சிகிச்சை நடந்தது. அவனுக்கும் காது கேட்டது. ஆனால் பேச்சைக் கற்கும் பருவம் கடந்துவிட்டதால் அவன் பேசப் பழகுவது கடினம் என்று சிகிச்சை அளித்தவர்களே சொன்னார்கள். உலகத்தின் மிகப் புதிய மருத்துவம்கூடத் தாமதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இந்தச் செய்திகள் பத்திரிகையில் வந்ததிலிருந்து 'காது கேக்கிற ஊசி எப்ப வரும் மேடம்?' என்று கேட்காத பெற்றோர் இல்லை. இரண்டு விஷயம் அவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்று, இந்தச் சிகிச்சை ஓ.டி.ஓ.எஃப். பிழை உள்ளவர்களுக்கு மட்டும். பிறவிக் கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம், அவற்றில் இது ஒன்று. மரபணுச் சோதனை செய்யாத குழந்தைக்கு அந்த ஊசி பொருந்துமா என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். இரண்டு, அதற்காகக் காத்திருந்து இம்ப்ளான்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு காதுக்காவது பொருத்தி மொழியைத் தொடங்கிவிடுங்கள். மறு காதை என்ன செய்வது என்று அறுவைசிகிச்சை நிபுணரோடு பேசி முடிவெடுக்கலாம்.

விலை? தண்டுவடத் தசைச்சிதைவு நோய்க்கான மரபணு மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் வைத்த விலை 21 லட்சம் டாலர். நம் ஊரில் '16 கோடி ரூபாய் ஊசி' என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. பிள்ளையின் படத்தைப் போட்டு ஊர் உலகத்திடம் கையேந்திய பெற்றோரைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஒட்டோஃபெர்லின் மருந்தும் அந்த வழியில்தான் வரும் என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் மரபணுச் சிகிச்சை செய்து, ரத்தக்கசிவு நின்றதை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இந்த வேலைக்குத் தெரிந்த கைகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது, எந்த ஊரில் எத்தனை குழந்தைக்கு எந்தப் பிழை என்கிற பட்டியல். அந்தப் பட்டியல் நம்மிடம் இல்லை. சோதனை செய்தால்தானே இருக்கும்?

சுகாதாரத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்கிற மறுப்பு எனக்குத் தெரியும். ஒட்டோஃபெர்லின் அபூர்வம், அதற்காக எல்லாக் குழந்தைக்கும் பெராவா என்பார்கள். பெரா ஒட்டோஃபெர்லினுக்காக மட்டும் இல்லை. மஞ்சள் காமாலை முற்றியதாலும், குறைமாதத்தாலும், பிறக்கும்போது மூச்சு முட்டியதாலும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் அதுதான் பிடிக்கும். அவர்கள் அபூர்வமானவர்கள் இல்லை. கருவி விலை அதிகம் என்பார்கள். மூளைத்தண்டு அலையைப் பார்த்துப் பச்சிளம் குழந்தைகளைச் சோதிக்கிற 'சோஹம்' என்ற கருவியை இந்தியாவிலேயே உருவாக்கி 2017இல் மத்திய அரசே அறிமுகப்படுத்தியது. தானியங்கிக் கருவி என்பதால் அலையைப் படித்துச் சொல்ல என்னைப் போன்ற ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். நேரம் ஆகும் என்பார்கள். உண்மை, ஓ.ஏ.இ.யைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் பிறந்த குழந்தை நாளில் பெரும்பகுதி தூங்குகிறது, சிரப் வேண்டாம், கண்விழிக்க வைக்க வேண்டாம். இரண்டரை வயதில் அந்தத் தாய் வராந்தாவில் நடந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. வேறு பல மாநிலங்களுக்கு இல்லாத வசதி இது. ஒவ்வொரு குழந்தையும் நம் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறது.

எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்றால், வரிசை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா, குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் உண்டா என்று பிரசவ வார்டில் இரண்டு கேள்வி. ஒன்றுக்கு ஆம் என்றால் அந்தக் குழந்தைக்கு ஓ.ஏ.இ. முடிவு எதுவாக இருந்தாலும் பெரா. தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளுக்கு இன்றைக்கே அதைக் கட்டாயமாக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், பிறகு தாலுகா. அதுவரை கொடுக்கிற ஓ.ஏ.இ. சீட்டில், இது செவி நரம்பைச் சோதிக்காது, குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் பெரா எடுக்க வாருங்கள் என்று அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கிராமச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பழைய 'பாஸ்' சீட்டைப் பார்த்துத் தாயின் சந்தேகத்தைத் தள்ளிவிடாதபடி அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இம்ப்ளான்ட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லாக் குழந்தைக்கும் மரபணுச் சோதனையைக் காப்பீட்டுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. அறுவைசிகிச்சைக்கு முன்பு மயக்க மருந்துத் தகுதிக்காக அந்தக் குழந்தைக்கு எப்படியும் ரத்தம் எடுக்கிறோம். அதே ஊசியில் இன்னும் இரண்டு மில்லி எடுத்தால் போதும். பல லட்சம் செலவழிக்கும் திட்டத்தில் சில ஆயிரம் கூடும். அந்த முடிவோடு பெற்றோரை உட்காரவைத்து, அடுத்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு, பிறந்த வாரத்திலேயே எதைச் சோதிக்க வேண்டும் என்று விளக்குவதற்கு மரபணு ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு மண்டலத்துக்கும் வேண்டும். சங்கரன்கோவில் தம்பதிக்கு இப்போது இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. பிறந்த அன்றே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பெரா எடுக்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு நானே போவேன். பக்கத்துக் கட்டிலில் பிறக்கிற குழந்தைக்கும் அது கிடைக்கிற மாதிரி அரசாணை வேண்டும்.